ஆய்வேட்டில் இல்லாத இருக்கை

வேலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், யாருடைய கையெழுத்து முதலில் என்றெல்லாம் என்னைக் கேட்டால் போதும், விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டாம் என்பார்கள். வேறு எதற்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. தனி ஆள்; லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியறை. மாலைகளை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டியிருந்ததால், எழுபதுகளின் கடைசியில் தமிழ்த் துறையில் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, தோல் பதனிடும் தொழிலாளரின் வழக்குச் சொற்கள்.

சொற்கள் ஆம்பூரில் இருந்தன. அங்கே தொழிற்சாலைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, எனக்கு ஞாயிறு. முதல் ஞாயிறு முழுக்க ஒரு டீக்கடையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. மாலைப் பேருந்தில் நெரிசல், ஆனால் ஒருவர் பக்கத்தில் மட்டும் இடம் காலி. சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலை அவருக்கு. குளித்துச் சட்டை மாற்றியும் நெடி போகவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். மனிதாபிமானம் என்று நினைத்துவிட வேண்டாம், கால் வலி.

"தெரிஞ்சிதான் உக்கார்றீங்களா சார்?" என்றார்.

"ஜலதோஷம் பாய்."

சிரித்துவிட்டார். "அப்போ ஜலதோஷம் போற வரைக்கும் நாம தோஸ்த்து."

ஜலதோஷம் இரண்டு வருடம் நீடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆம்பூரிலிருந்து அவர் இறங்கும் பள்ளிகொண்டா வரை. இடம் பிடித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார், நான் எழுதிக்கொள்வேன். சில வாரம் குறிப்பேட்டைத் திறக்க மறந்துவிடுவேன்.

"இன்னா சார், இன்னிக்கு வார்த்தை எதுவும் வாணாமா? சும்மாவா வந்தீங்க?"

ஆமாம், சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். அவசரமாகப் பேனாவை எடுப்பேன்.

முன்னுரையின் முதல் வரைவில், 'அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்' என்று எழுதியிருந்தேன். என் நெறியாளரான பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"ஏன்யா சூப்பிரண்டு, இது ஆய்வேடா, மாமனாருக்குக் கடுதாசியா?"

"எனக்கு மாமனார் இல்லைங்க ஐயா."

"இருந்தா இந்த வயசுல ஆராய்ச்சிக்கு வருவியா? படிக்கிறவன் நம்பணும்னா நீ குறுக்கே நிக்கக் கூடாது. 'நாம் காண்கிறோம்'னு எழுது, அவனும் கூடவே வருவான். 'என்பது வெளிப்படை'ன்னு எழுது, மறுத்துப் பேச வெட்கப்படுவான்."

அவர் சொன்னது உண்மைதான். அந்த நடைக்கு ஒரு மரியாதை உண்டு. 'எனலாம்' என்று ஒரு வாக்கியத்தை முடித்தால், படிக்கிறவருக்குச் சற்று நகர்ந்து இடம் விட்டது போலிருக்கும். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கடைசியில் அந்த இடத்தில் இப்படி வந்தது: 'நெடி காரணமாகத் தொழிலாளர் பேருந்துகளில் தனித்து அமர நேர்கிறது என்பது அறியப்படுகிறது.' எழுதி முடித்ததும் பெருமையாகவே இருந்தது.

பட்டத்துக்கு முன் பொது வாய்மொழித் தேர்வு. பொதுமக்கள் யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம். அறிவிப்பைத் தொடர்புடைய அனைவருக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் துறைப் பலகையில் ஒட்டுவதோடு சரி. நான் கோப்பு நிறைவாக இருக்க வேண்டுமென்று ஆம்பூர்த் தொழிற்சாலைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். யாராவது வருவார்கள் என்றல்ல, அனுப்பியதற்குப் பதிவு இருக்குமே என்று. தேர்வு நாள் வெள்ளிக்கிழமை. அது யாருக்கு விடுமுறை என்பதை நான் யோசிக்கவில்லை.

வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனையோடு என் பேருந்து தோஸ்த்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் சில பகுதிகளைப் படித்துக் காட்டினேன். பேருந்து வாக்கியமும் அதில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சடங்குக்காக, "பொதுமக்கள் யாராவது?" என்றார். கடைசி வரிசையில் அவர் எழுந்தார்.

"சார், பஸ்ஸுல நாங்க தனியா உக்கார்றோம்னு படிச்சீங்களே. ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து வந்தது நீங்கதானே? அத ஏன் எழுதல?"

யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் என்னை முறைத்தார். ஐந்து வருட உழைப்பு அந்த மேசை மேல் இருந்தது. நான் நிமிர்ந்து நின்று, "அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்றேன்.

"நல்ல பதில்" என்றார் தேர்வாளர்.

"செரி சார்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

தேர்வு அறிக்கையை வழக்கப்படி முந்தின நாளே நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். 'எழுப்பப்பட்ட எல்லா வினாக்களுக்கும் நிறைவாக விடையளித்தார்.' வந்தவர் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதை நிரப்பிக் கையெழுத்திட்டார்கள். இனிப்பும் மிக்சரும் வைத்த தட்டோடு நான் கடைசி வரிசைக்குப் போனபோது அவர் இல்லை.

அதன் பிறகு ஆம்பூரில் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். மாலைப் பேருந்தில் அதே இருக்கையில் இருந்தார். பக்கத்தில், நான் உட்காரும் இடத்தில், டிபன் கேரியர்.

"நெடி ஜாஸ்தி சார். முன்னாடி போங்க" என்றார். கோபமில்லை, ஓர் ஆபீசரிடம் பேசுகிற பணிவு.

பள்ளிகொண்டாவில் இரண்டு இடமும் காலியாயின. வேலூர் வரை நின்றேன்.

ஓய்வு பெறும் நாளில் நூலகத்தில் நிலுவையில்லாச் சான்று வாங்க வேண்டும். போனபோது என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி அட்டையில் ஒட்டிய இரவல் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. பேருந்து வாக்கியம் இருந்த பக்கத்தைத் திறந்து, பேராசிரியர் சிவப்பு மையால் அடித்த இரண்டு வாக்கியங்களையும் ஓரத்தில் பேனாவால் எழுதினேன். நூலகப் புத்தகத்தில் எழுதுவோருக்கு அபராதம் என்ற சுற்றறிக்கை எதிரே சுவரில் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையின் கீழே இருந்ததும் என் கையெழுத்துதான். யாரும் பார்க்கவில்லை. ஏட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நிலுவை ஏதுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.