இரட்டை முடிச்சு அவிழாது

1. குனிந்தவள்

கூடைப்பந்து அரையிறுதியின் கடைசி குவார்ட்டரில், விசில் ஊதி ஆட்டம் நின்ற இடைவெளியில், அமலி ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். பெஞ்சில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆட்டத்தில் லேஸ் அவிழும், கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் எங்கள் அணியில் லேஸ் அவிழாது. கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்த முதல் வாரமே ஆட்டத்துக்கு முந்தைய சோதனைகளை வரிசைப்படுத்திவிட்டேன்: நகம், டேப், தண்ணீர், லேஸ். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எதையும் வரிசையாகச் சரிபார்க்காவிட்டால் நிம்மதி இருக்காது. ஒவ்வொருத்தியின் லேஸிலும் இரட்டை முடிச்சு இருக்கிறதா என்று நானே இழுத்துப் பார்ப்பேன். அன்று அமலியின் முடிச்சையும் பார்த்திருந்தேன்.

2. அந்தக் குனிதல் எனக்குத் தெரியும்

கல்லூரிக்கு வருமுன் ஒரு கம்பெனி அணியில் ஒப்பந்தத்தில் ஆடினேன். நொண்டினால் கோச் வெளியே எடுத்துவிடுவார். அடிக்கடி வெளியே உட்கார்ந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை. அதனால் முட்டி வலித்தால் லேஸ் கட்டுவதுபோலக் குனிவோம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முகத்தையும் யாரும் பார்க்க முடியாது. ஒரு நாள் அப்படிக் குனிந்து எழுந்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்கக் குதித்து இறங்கியபோது முட்டி லிகமெண்ட் அறுந்தது. அதோடு நான் ஆடுவது முடிந்தது.

அமலி எங்கள் பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் செலெக்டர்கள் அன்று கேலரியில் இருந்தார்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் அவள் அப்பாவும் வேலை உடுப்போடு வந்திருந்தார். நாங்கள் மூன்று பாயின்ட் முன்னால்.

அவள் மறுபடி குனிந்தாள். அவளுக்குப் பதிலாக இறங்க மாற்று ஆட்டக்காரியை ஸ்கோரர் டேபிளுக்கு அனுப்பினேன்.

பக்கத்தில் இருந்த எங்கள் பிசிகல் டைரக்டர் திரும்பினார். "என்னம்மா பண்ற? ஜெயிக்கிற மேட்ச்சு."

"அவளுக்கு முட்டி வலிக்குது சார்."

"அவ சொன்னாளா?"

"சொல்லல."

"அவளே சொல்லல, நீ ஏன் டாக்டர் ஆவற?"

அமலி வெளியே வந்தாள். "மிஸ், லேஸ்தான் கட்டுனேன்."

"நான் இழுத்துப் பாத்த முடிச்சுடி அது."

"செலெக்டர் பாக்கறாங்க மிஸ். கொஞ்ச நேரம்தான, உடுங்க."

"உக்காரு."

தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3. ஸ்கேன்

ஒரு பாயின்ட்டில் தோற்றோம். அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"ஃபோர்மேன்கிட்ட கெஞ்சிட்டு வந்தேம்மா. ஆடிக்கினு இருந்த புள்ளைய உக்கார வெச்சிட்டீங்களே."

செலெக்டர்கள் அறிவித்த பெயர்களில் அமலி இல்லை. ஸ்கேனில், லிகமெண்ட் நன்றாக இருக்கிறது, லேசான வீக்கம்தான், இரண்டு வாரம் ஓய்வு போதும் என்று வந்தது.

"அப்ப ஆடியிருக்கலாம்" என்றார் டைரக்டர்.

"ஆடியிருக்கலாம் சார்."

என் முட்டியும், அந்தக் கடைசிக் குதிப்புக்கு முன்னால் ஸ்கேன் எடுத்திருந்தால், ஒருவேளை இப்படியே வெறும் வீக்கமாகத்தான் இருந்திருக்கும். அதை நிரூபிக்க வழியில்லை. எதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன், எதை அவளிடமிருந்து பறித்தேன் என்று பல நாள் சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

4. கை தூக்கியவள்

ஓய்வு முடிந்து அமலி வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு மாலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். என் கண் அவள் லேஸுக்குப் போனது. அவள் குனியவில்லை. கையைத் தூக்கினாள்.

"மிஸ், வலிக்குது. இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் முடிச்சப் பாத்து கண்டுபுடிச்சேன்னு பெருமையா சொல்லாதீங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐஸ் பாக்ஸ் அங்க இருக்கு. போய் வை."

போகாமல் நின்றாள். "அடுத்த மேட்ச்ல எறக்குவீங்களா?"

"வீக்கம் வடிஞ்சா நீதான் ஃபர்ஸ்ட் ஃபைவ்."

இப்போது ஆட்டத்துக்கு முந்தைய சோதனையில் லேஸுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எங்க வலிக்குது? புதிதாகக் கோச் வேலைக்கு வருகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வலிக்கிறது என்று சொன்னவளுக்கு அணியில் இடம் போகாது என்பதை ஆட்டக்காரிகள் கண்ணால் பார்க்கும்வரை, "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும்.

வீக்கம் வடிந்தது. அமலியை முதல் ஐந்து பேரில் இறக்கினேன். ஆட்டம் முடியும்வரை அவள் லேஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.