தையலக்காவின் மூடாத குழி

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, என் மேசையில் விரித்திருந்த அச்சுப்படியின் மேல் வைத்து அளந்துகொண்டிருந்தார் தையலக்கா. அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ‘ஓராண்டு வளர்ச்சியும் எதிர்வரும் சவால்களும்’ என்ற அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பார்த்துப் பார்த்து இழைத்திருந்தேன். அவர் அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

“அவளுக்கு முக்கால் பக்கம். கலர் போட்டோ வேற. எனக்கு எவ்ளோ தம்பி? ஒரு விரக்கடை!”

‘அவள்’ என்றது நாத்தனாரை. கணவரின் தங்கை. இருவரும் ஒரே தேர்தலில் நின்று வென்றவர்கள். நாத்தனார் மேட்டு வார்டுக்கு உறுப்பினர், தையலக்கா பள்ளத்து வார்டுக்கு. அவரவர் வார்டுக்கு வந்த பணத்தில் நாத்தனார் பூங்காவில் வண்ண விளக்கோடு நீரூற்று வைத்தார். தையலக்கா பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதித்தார். நீரூற்றைப் பார்க்க ஊரே போனது. சாக்கடையைப் பார்க்க யார் வருவார்கள்?

“சட்டைக்கு உள்துணி மாதிரி தம்பி இது. ஒழுங்கா தைச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. தைக்காம விட்டுப் பாரு, ஊருக்கே தெரியும்.”

சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவருடைய தையற்கடை. மெஷினில் உட்கார்ந்தால் கூரைகளுக்கு மேலே நீரூற்றின் உச்சி துள்ளுவது தெரியும். மெஷினைத் திருப்பிப் போட்டார். இப்போது எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் அது துள்ளியது. கண்ணாடிக்குப் போர்வை போட்டார். தைத்ததைப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அட, இங்கிருந்தே தெரியுதே!” என்றார்கள்.

ஒருநாள் கணவர் சட்டை நனைந்து வந்து நின்றார்.

“எங்க நனைஞ்சீங்க? மழையா பெய்யுது?”

“இல்ல... பூங்கா வழியா வந்தேன்... காத்து அடிச்சுது...”

“காத்து உங்க தங்கச்சி சொன்னாத்தான் அடிக்கும் போல!”

அன்று தட்டில் கரண்டி விழுந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

இத்தனைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளத்து வார்டில் மேல்பாதிக்குத்தான் குழாய் வந்திருந்தது. கீழ்த்தெருக்களில் மழை பெய்தால் கழிவுநீர் வாசற்படியேறி விருந்தாளி போல உள்ளே வரும். அடுத்த ஆண்டுப் பணம் கீழ்த்தெருக் குழாய்க்கா, நீரூற்றுப் பூங்காவின் இரண்டாம் கட்டத்துக்கா என்பதை ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். கண்ணில் பட்டதற்குத்தான் கை உயரும் என்று தையலக்கா நம்பினார். அதனால் குழாய் பதித்து முடித்த பிறகும் தெருமுனைக் குழியை மட்டும் மூடவிடவில்லை. நகராட்சித் தலைவர் வந்து பார்த்த பிறகுதான் மண் விழ வேண்டும் என்று உத்தரவு. வேலையாட்கள் மண்வெட்டியை ஊன்றிக் காத்திருந்தார்கள். குறுக்கே போட்ட பலகையில் தள்ளாடியபடி தபால்காரர் கத்தினார்:

“யக்கா! கடிதாசி குடுக்கச் சேர்ந்தவனைக் கயித்து மேல நடக்க விட்டுட்டீங்களே!”

தலைவர் வந்தார். நீரூற்றடியில் நின்று, உட்கார்ந்து, கைநனைத்துப் படம் எடுத்துக்கொண்டார். குழியருகே வண்டியின் கண்ணாடி இறங்கியது, மூக்கருகே கைக்குட்டை ஏறியது, கண்ணாடியும் ஏறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, திருத்திய அச்சுப்படியோடு நான் கடையில் இருந்தபோது நாத்தனார் வாசலில் வந்து நின்றார். நீரூற்றுத் தண்ணீர் வழிந்தோட வழியில்லையாம். பூங்காவில் தேங்கி, கொசு மொய்க்கிறதாம்.

“அண்ணி, உங்க குழி தொறந்துதான கெடக்கு. எங்க தண்ணியையும் அதுல சேத்து விட்டுரட்டுமா?”

தையலக்கா ஊசியில் நூல் கோத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

“சேத்துக்கோ. ஆனா என்கூட நீயும் குழிக்குள்ள இறங்கி நிக்கணும். போட்டோ எடுக்கணும். தம்பி, முக்கால் பக்கம்!”

“புதுச் செருப்பு அண்ணி...”

“கழட்டிட்டு இறங்கு.”

இருவரும் கணுக்கால் சேற்றில் நின்றார்கள். எனக்கு மிகப் பிடித்த இரண்டு பத்திகள் அந்தப் படத்துக்கு வழிவிட்டன. நாத்தனாரின் குழாயும் வந்து சேர்ந்தது, குழி மூடப்பட்டது. அதன்பிறகுதான் தையலக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“எனக்கு அறிவு இருக்கா தம்பி? அவ வந்து கேட்டு நின்னா. அந்த நேரத்துல ‘கீழ்த்தெருவுக்குக் கை தூக்குடி’ன்னு கேக்காம, போட்டோ கேட்டேன் பாரு!”

கூட்டத்தில் கைகள் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. கடைசியாக நாத்தனார் எழுந்தார்.

“எங்க தண்ணியும் அண்ணி குழாய்லதான் போகுது. கீழ அடைச்சா மேல நாறும். கீழ்த்தெருவுக்கே குடுத்துருங்க.” கையைத் தூக்கினார்.

தீர்மானம் நிறைவேறியது. “என்ன பெரிய மனசு!” என்றார் தலைவர். அரங்கம் நாத்தனாருக்குக் கைதட்டியது. தையலக்காவும் தட்டினார், சத்தம் வராமல். படியிறங்கும்போது என்னிடம் முணுமுணுத்தார்:

“குழி யாரோடது தம்பி? பெரிய மனசு யாருக்காம்?”

இப்போது கீழ்த்தெருவில் குழாய் பதிக்கிறார்கள். தையலக்கா காலையில் அங்கே நிற்கிறார், மதியத்துக்கு மேல் தைக்கிறார். கடைச் சுவரில் அறிக்கையின் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. படத்தில் அவர் மட்டுமே இருக்கிறார். நாத்தனார் நின்ற பாதி பின்பக்கமாக மடிந்திருக்கிறது.

“இதுக்கு வெட்டியே இருக்கலாமேக்கா?” என்றேன்.

“வெட்டக் கூடாது தம்பி. உள்ள மடிச்சு விட்டா, வேணுங்கிறப்ப பிரிச்சுக்கலாம்.”

சொல்லிக்கொண்டே சட்டத்தைக் கழற்றி, படத்தை வெளியே எடுத்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இன்னொரு தரம் அழுத்தி நீவினார்.