தபாலில் போகாத மாத்திரை

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சப் போஸ்ட் ஆபீஸில் வெளிநாட்டுப் பார்சல் கவுண்டரை எனக்குக் கொடுத்த முதல் நாளே இது நடந்தது. அதுவரை நான் சேமிப்புக் கணக்குப் பிரிவில் இருந்தவன்.

கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஸ்டெல்லா, வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு பெட்டி அனுப்ப வந்தார். கஸ்டம்ஸ் டிக்ளரேஷனில் 'மரச்சீனி சிப்ஸ்', அதாவது மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ், என்று மட்டும் இருந்தது. திறந்து பார்த்தேன். சிப்ஸுக்கு அடியில் காகிதப் பொட்டலம். அதில் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த வெள்ளை மாத்திரைகள்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. இத்தனையையும் எதற்குப் பிதுக்கினார்?

"அக்கா, அட்டையோட வச்சா என்ன?"

"அட்டையில பேரு உண்டுல்லா சாரே. பேரு கண்டா கஸ்டம்ஸ்காரங்க பிடிப்பினும்னு பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். வலிப்புக்குள்ள மருந்தாக்கும். கள்ளத்தனம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் சீட்டு அவர் பையிலேயே இருந்தது. அதிலிருந்த மருந்தின் பெயரை மகன் இருக்கும் நாட்டின் தடைப் பட்டியலில் தேடினேன். இருந்தது. சீட்டும் பில்லும் வைத்தாலும், அந்த நாட்டு முன் அனுமதி இல்லாமல் தபாலில் போகாது. பெயரில்லாத மாத்திரை என்றால் வாங்குகிற பையன்தான் மாட்டுவான்.

போஸ்ட் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "திருப்பிக் குடுத்திரும். நம்ம வேலை அத்தறதான், அதோட முடிஞ்சு."

ஸ்டெல்லா நகரவில்லை. "பின்ன அவன் என்ன செய்வான் சாரே?"

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. மகனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மருந்து எத்தன நாளைக்கு உண்டு தம்பி?"

"எட்டு நாளைக்கு சார்."

"அங்க டாக்டரப் பாத்தா என்ன?"

"நோய் உண்டுன்னு ஓனருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊருக்கு அனுப்புவான்."

தாய்க்கும் அது புதுச் செய்தி. போனை வாங்கிக்கொண்டார். "எலே, கடல்ல வச்சு வலிப்பு வந்தா என்ன செய்வ? எனக்கு உன் சம்பளம் வேண்டாம் மக்கா. டாக்டரப் போய்ப் பாரு." குரல் உயரவில்லை.

அன்று பெட்டியில் சிப்ஸ் மட்டும் போனது. டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினோம். அதைக் காட்டி அவன் அங்குள்ள ஆஸ்பத்திரியில் வேறு மருந்து வாங்கினான். நோய் தெரிந்த பிறகும் ஓனர் அவனை ஊருக்கு அனுப்பவில்லை; படகிலிருந்து இறக்கி ஐஸ் கிடங்கில் போட்டார். சம்பளம் குறைந்தது. அடுத்த பார்சலோடு வந்தபோது ஸ்டெல்லா இதைச் சொன்னார்.

அன்று நான் விதியை மீறவில்லை, தளர்த்தவும் இல்லை. 'அனுப்பக்கூடாது' என்பதோடு விதிப் புத்தகத்தில் வரி முடிந்துவிடும். எதிரே நிற்பவரின் கஷ்டம் அங்கே முடியாது. புதிதாகக் கவுண்டரில் உட்காருகிறவர்களே, பார்சலை மறுத்த பிறகு, 'பின்ன என்ன செய்வீங்க?' என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.