சாய்ந்த பலாவின் இலை

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பலாத்தோப்புக்குக் கருவியை நான் தனியாக எடுத்துப்போனது அன்றுதான் முதல் முறை. கல்லூரி ஆய்வு ஒன்றில் உதவியாளராக இருந்தேன். இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பது எங்கள் வேலை. எப்போதும் கூட வரும் பேராசிரியருக்குக் காய்ச்சல். மொத்தப் பொறுப்பும் என் தலையில்.

கருவிப் பெட்டியைக் கயிற்றுக்கட்டிலில் வைத்து பேட்டரியை இணைத்தேன். உள்ளே இருக்கும் விளக்கும் குழாயும் ஒரே சூட்டுக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குமுன் அது காட்டும் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. தோப்புக்கார அக்கா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சூடேறியதும் கேலிபரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு. கரியமில வாயு துளியும் இல்லாத காற்றை கொண்டுபோயிருந்த இரண்டு சிலிண்டர்களில் முதலாவதிலிருந்து கொடுத்துப் பூஜ்ஜியத்தை நிறுத்தினேன். இரண்டாவதில் எவ்வளவு இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கும். கருவியும் அதையே சொல்ல வேண்டும். சொல்லியது. ஆனால் சிலிண்டரைக் கழற்றித் தோப்புக் காற்றை இழுக்கவிட்டபோது எண் தாறுமாறாக ஏறியது. பத்து லட்சத்துக்கு நானூற்றுச் சொச்சம் என்று நிற்க வேண்டியது அறுநூறு, எழுநூறு என்று போய் இறங்கி, மறுபடி ஏறியது. குழாயை மாற்றினேன். இரண்டு சிலிண்டர்களையும் முதலிலிருந்து கொடுத்துப் பார்த்தேன். பேராசிரியருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தபடி நிமிர்ந்தபோதுதான், மறுபடி வந்து நின்ற அக்காவும் நானும் குழாய் முனைக்கு மேலேயே குனிந்திருந்தது உறைத்தது.

குழாயை ஒரு கம்பில் கட்டி உயரத் தூக்கினேன். எண் மெல்ல இறங்கி நானூற்றிருபதுக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றது.

"அப்ப இம்புட்டு நேரம் அது காட்டுனது நம்ம மூச்சையா?" என்றார் அக்கா.

ஆமாம் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றார். எனக்கும் கொஞ்ச நேரம் மூச்சுவிடத் தயக்கமாகத்தான் இருந்தது.

எங்கள் பட்டியலில் இருந்த மரங்களை முடித்ததும், தோப்பின் கிழக்கு மூலைக்கு வர முடியுமா என்று கேட்டார். அங்கே ஒரு பலா புயலில் சாய்ந்து, பாதி வேர் வெளியே தெரியக் கிடந்தது. அவரும் கணவருமாக முட்டுக்கொடுத்து மண் அணைத்த மரம். கணவர் இப்போது இல்லை. மரம் காய்ப்பதும் இல்லை. அறுத்துவிடலாம் என்று மச்சினர் அறந்தாங்கியிலிருந்து ஆளை வரச் சொல்லியிருந்தாராம், மறுநாளைக்கு.

"இதுக்கு உசுரு இருக்கான்னு உங்க மிஷினு சொல்லுமா, பாப்பா?"

ஓர் இலையைப் பற்றித்தான் சொல்லும், மரத்தின் ஆயுளைச் சொல்லாது என்றேன். அது போதும் என்றார். தண்டில் புதிதாகத் துளிர்த்து முற்றியிருந்த இலை ஒன்றைக் கருவியோடு இணைந்த, கண்ணாடி மூடியிட்ட சிறு அறைக்குள் வைத்து மூடினேன். நானூற்றுப் பதினெட்டு. பதினொன்று. நானூற்றிரண்டு. முந்நூற்றுத் தொண்ணூறு.

"கொறையுதே."

"இலை எடுத்துக்குதுக்கா. வெயில் இருக்கிற வரைக்கும் எடுக்கும்."

அவர் அருகில் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தலைப்பை விரித்து இலைக்கு நிழல் பிடித்தார். எண் தயங்கி நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. தலைப்பை விலக்கினார். சற்றுப் பொறுத்து மறுபடி இறங்கத் தொடங்கியது. மூன்று முறை அப்படிச் செய்தார். நூற்றுக்கணக்கான இலைகளை அதற்குமுன் அளந்து நோட்டில் எழுதியிருந்தவள் நான். ஓர் இலை வெயிலுக்கு இத்தனை உடனுக்குடன் பதில் சொல்வதை அன்றுதான் பார்த்தேன். தோப்பு முழுக்க, சத்தமே இல்லாமல், இது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது கை மயிர் சிலிர்த்தது.

அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்தார். மச்சினரிடம் ஒன்றும் விளக்கவில்லை.

"நாளைக்கு ஆள் வர வேணாம்னு சொல்லிருங்க. மரம் சாப்புட்டுக்கிட்டு இருக்கு."

இரண்டு வருடம் அந்தத் தோப்புக்குப் போனேன். அந்த மரம் காய்த்து நான் பார்த்ததில்லை. காய்க்கவில்லையே என்று அக்கா ஒருமுறைகூடக் குறைப்பட்டதும் இல்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் பட்டியல் முடிந்ததும் அதற்கும் ஓர் இலை அளந்தோம். நோட்டில் அதற்கு வரிசை எண் கிடையாது. 'கிழக்கு மூலை' என்று மட்டும் எழுதினேன்.