எட்டு ஆகாத சர்வர்

ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்ற மறு நிமிடம் ஊரே நம்மைத் தேடும்: நேம் சர்வர் பார்த்துக்கொள்ளும் தொழிலின் லட்சணம் அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் இமெயில் சேவை நடத்திய சின்னக் கம்பெனியில் நான் சர்வர் பார்த்தேன். முதலாளி அதற்கு முன்னால் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வாடிக்கையாளர்கள் பம்புசெட்டுக்காரர்கள், பனியன்காரர்கள், தேங்காய் நார்க்காரர்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் அவர்கள் கம்பெனிப் பெயரைக் கேட்டாலும் அதற்குரிய விலாச எண்ணை எடுத்துக் கொடுப்பது நேம் சர்வராக, யூனிக்ஸ் சிஸ்டத்தில் ஓடிய எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் வேலை. அது கொடுக்காதபோது திட்டு வாங்குவது என் வேலை. இதே தொழிலில் பாடுபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டரிடம் வழி கேட்டவர்

பீளமேட்டுப் பக்கம் பவுண்டரி வைத்திருந்த ஒருவர் போன் செய்தார். எந்தப் பெயரைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் அசையவில்லை என்றார். எண்ணைத் தட்டச் சொன்னேன், உடனே போனது. பெயரைத் தட்டச் சொன்னேன், போகவில்லை. லைன் நன்றாக இருக்கிறது, பெயருக்கு எண் சொல்ல ஆள் இல்லை என்பது புரிந்துவிட்டது. எங்கள் ஆபீசில் போன் எடுப்பது, வாடிக்கையாளர் வீட்டுக்கு ஓடுவது இரண்டையும் செய்த சேகரைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன்.

பவுண்டரிக்காரருடைய மச்சான் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தபோது, ஸ்பீடு ஏற்றித் தருகிறேன் என்று செட்டிங்கைக் குடைந்திருக்கிறார். நேம் சர்வரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆபீஸ் பிரிண்டரின் எண்ணைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டரும் பாவம், ஒவ்வொரு பெயருக்கும் பிரிண்டரிடம் போய் வழி கேட்டுக்கொண்டு நின்றது. சரிசெய்துவிட்டு, பெயர், எண் விவகாரத்தை அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நெம்பர் இருக்கறப்ப பேரு எதுக்குங்க அம்மணி? எங்க பவுண்டரில அத்தன பேரையும் டோக்கன் நெம்பர்லதானுங்க கூப்புடறோம்."

பூ வாங்கப் போன நேரம்

எங்கள் ஆபீசில் எண்களுக்கு இன்னும் பெரிய மரியாதை. புது டெலிபோன் எண், வண்டி எண், அலமாரிப் பூட்டின் எண் எதுவானாலும் முதலாளி கூட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகை எட்டு வந்தால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன். பூட்டின் எண் எதுவாக இருந்தால் சர்வருக்கு என்ன?

அந்த ஆனி மாதம் புது மெயில் சர்வர் வந்தது, புது விலாச எண்ணோடு. நேம் சர்வர் ஃபைலில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எங்களுக்கு இரண்டாவது நேம் சர்வர் ஒன்று சென்னையில், தெரிந்தவர் கம்பெனியில் இருந்தது. நாங்கள் இங்கே மாற்றுவதை அது தானாக நகல் எடுத்துக்கொள்ளும். காலையிலேயே இரண்டு சின்ன மாற்றங்கள் செய்து, வெளியூர் இயந்திரங்கள் பழைய எண்ணை ஒரு மணி நேரத்துக்குமேல் ஞாபகம் வைக்காதபடி பண்ணியிருந்தேன். சென்னை அதையெல்லாம் சமர்த்தாக எடுத்துக்கொண்டது. பெரிய மாற்றத்தையும் எழுதித் தயாராக வைத்தேன். ராகுகாலம் கழிந்ததும் முதலாளி என்டர் தட்டுவதாக ஏற்பாடு.

சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. பூ இல்லை. யூனிக்ஸ் தெரிந்த ஒரே ஆளைப் பூ வாங்க அனுப்பினார்கள், ஏனென்றால் அந்த ஆள் பெண். நான் செவ்வந்தியோடு திரும்பியபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி என்டர் தட்டினார். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"எல்லாம் கூட்டிப் பாத்துப்போட்டேனுங்க அம்மணி. இனி ஒரு கொறையும் வராதுங்க."

மழை விசாரித்த சரசக்கா

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வைத்திருந்த சரசக்கா எங்கள் வாடிக்கையாளர். நார்க்கழிவைக் கழுவிக் காயவைத்து, கட்டியாக அழுத்தி, ஹாலந்தில் பூச்செடி வளர்ப்பவர்களுக்கு அனுப்ப முயன்றுகொண்டிருந்தார். பேக்ஸ் மிஷின் வாங்கப் போனவரைத் தடுத்து இமெயில் வாங்க வைத்தது எங்கள் முதலாளிதான். முதல் பெரிய ஆர்டருக்கு மாதிரி போயிருந்தது. ஹாலந்துக்காரர் சரி என்று எழுதினால் கொச்சியிலிருந்து கண்டெய்னர் வரும். எழுதாவிட்டால், சாரல் இறங்கியதும் களத்தில் கிடக்கும் சரக்கு முழுக்க நனைந்து போகும். அப்படி ஆனால் ஆடியோடு மில்லைப் பூட்டிவிடுவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அங்கே வேலை செய்த பெண்களெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சர்வர் மாற்றிய மறுநாள் சரசக்கா போன் செய்தார். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்பிட்டேன். கோயமுத்தூருல மழைங்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த நாளும் கூப்பிட்டு என் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். அதற்கடுத்த நாள் மறுபடி மழை. அன்றுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் தலையில் இடி விழுந்தால்கூட முதலில் எதிராளியின் சௌக்கியத்தைக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். இவர் விஷயத்துக்கே வராமல் போனை வைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஹாலந்துக்காரர் எழுதினாரா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். நீங்களே இன்னொரு தடவை எழுதிக் கேட்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"ரெண்டாந்தரம் கேட்டா நெருக்கறாப்பல ஆயிருமுங்க அம்மணி. அவியளுக்கு என்ன சோலியோ."

பின்னால் போன கோயமுத்தூர்

போனை வைத்ததும் மற்ற வாடிக்கையாளர்களின் மெயிலைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மெயில் வந்துகொண்டுதான் இருந்தது. அதுவே மோசமான அறிகுறி என்பது இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்குத் தெரியும். முழுக்கச் செத்த சர்வரைப் பிழைக்க வைத்துவிடலாம், பாதி செத்தது பேயாக அலைக்கழிக்கும்.

உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பார்த்தேன். கோயமுத்தூர்ப் பெட்டியிடம் சரசக்கா கம்பெனியின் மெயில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் புது எண்ணைச் சொன்னது. சென்னைப் பெட்டியிடம் கேட்டால் பழைய எண்ணைச் சொன்னது. பழைய எண்ணில் இப்போது யாரும் இல்லை, அந்தப் பெட்டியை அன்றைக்கே கணக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். எங்களிடம் கேட்டவர்களின் கடிதம் வந்து சேர்ந்தது. ஹாலந்து இயந்திரம் சென்னையிடம் கேட்டுவிட்டு, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

சென்னைக்காரரைக் கூப்பிட்டு, நகல் எடுக்காமல் தூங்குகிறீர்களா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஒரு வரிசை எண் உண்டு. தேதியை எழுதி, பின்னால் அன்றைக்கு எத்தனாவது மாற்றம் என்று சேர்ப்போம். தன்னிடம் இருப்பதைவிடப் பெரிய எண் வந்தால்தான் இரண்டாவது சர்வர் புது நகலை எடுக்கும். அவரிடம் இருந்தது சர்வர் மாற்றிய நாளின் இரண்டாவது மாற்றம். என் பெட்டியில் மூன்றாவது என்று இருக்க வேண்டும், நானே என் கையால் அடித்தது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், எங்க சைடு ஓகே. உங்க கோயமுத்தூர்தான் ரெண்டுலேர்ந்து ஒண்ணுக்குப் போயிருக்கு."

ஒன்றா, மூன்றா

ஃபைலைத் திறந்தேன். மூன்று இருந்த இடத்தில் ஒன்று இருந்தது. சேகரைப் பார்த்தேன். அவன் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தான்.

நான் செவ்வந்திக்குப் பேரம் பேசிய நேரத்தில் முதலாளி திரையில் இருந்த நீளமான எண்ணைக் கூட்டியிருக்கிறார். எட்டு வந்திருக்கிறது. கடைசி மூன்றை ஒன்றாக்கினால் ஆறு, அவருடைய ராசி எண். சேகர் மாற்றிக் கொடுத்திருக்கிறான். முதலாளி சொன்னால் செய்யாமல் இருப்பானா? எனக்கு வந்த ஆத்திரத்தில், சர்வரில் காய்ந்துகொண்டிருந்த செவ்வந்தி மாலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். பிறகு முதலாளியிடம் போய், இந்த எண் முன்னால் மட்டும்தான் போகலாம், பின்னால் போனால் சென்னை நம்மைத் திரும்பிப் பார்க்காது என்று சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே மாற்றிவிடச் சொன்னார். ஆனால் அன்றைய தேதியைப் போட்டு எண்ணை அடிக்கத் தொடங்கியதும், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்விட்டுக் கூட்டினார். எட்டு வராத எண்ணாக, பெரிய எண்ணாக ஒன்றை இருவருமாகத் தேடிப் பிடித்தோம். என்டர் தட்டுமுன் அவர் சொன்னார்:

"நீங்க சொல்றாப்பல பெருசாவும் இருக்குது, நாஞ்சொல்றாப்பல நல்லதாவும் இருக்குது. ரெண்டு பேருக்கும் வம்பில்லீங்க."

மூன்று தாக்கல்

சென்னை நகல் எடுத்துக்கொண்டது. அதன்பின், வரும் கடிதங்களை வரிசையாகக் குறிக்கும் மெயில் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹாலந்திலிருந்து சரசக்கா பெயருக்கு அடுத்தடுத்து மூன்று கடிதங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் மூன்று தாக்கல், இறங்கின. போன் செய்து, மோடத்தைப் போடச் சொன்னேன். சிறிது நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். முதல் கடிதத்தில் ஆர்டர் உறுதி. இரண்டாவதில், நலமாக இருக்கிறீர்களா, பதிலே இல்லையே என்று விசாரிப்பு. முந்தின நாள் எழுதிய மூன்றாவதில், நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் இலங்கையில் வாங்கிக்கொள்கிறோம் என்று இருந்தது. அவர் உடனே பதில் போட்டார். ஹாலந்தில் அப்போதுதான் ஆபீஸ் திறந்திருக்கும். சாரல் இறங்குவதற்குள் கண்டெய்னர் வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த வாரம் சரசக்கா ஒரு சாக்கு தேங்காயோடு ஆபீசுக்கு வந்தார். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். தவறு தன்னுடையது என்பதை மறைக்காமல் சொன்னார். அதோடு நிற்காமல், வியாபாரமே போயிருக்குமே என்று ஆதங்கப்பட்டு, "ஏனுங்க, தாக்கல் வல்லீன்னு எனக்கொரு போன் போட்டிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். சரசக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மில்லைப் பூட்டும் நிலையில்கூட, மழையையும் மூட்டுவலியையும் விசாரித்துக்கொண்டு அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, தேங்காய்ச் சாக்கை ஓரம் தள்ளுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் முதலாளியைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"உங்களுக்குச் சொன்னா அம்மணிய வைவீங்களேன்னுதானுங்க கம்முனு இருந்துட்டேன். மில்லு போனா வேறொண்ணு பாத்துக்கலாம், இந்தப் புள்ளைக்கு வேல போயிருச்சுன்னா?"

நேம் சர்வர் எங்கே பொய் சொல்கிறது என்று நாலு கமாண்டில் கண்டுபிடித்துவிடலாம், நம்மூர்க்காரர் மரியாதைக்காக எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிக்க இன்றுவரை யூனிக்ஸில் ஒரு கமாண்டும் கிடையாது.