ஜனவரி முப்பது, டோக்கன் எண் 27

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டு மனு எழுதித் தருகிறவள் ஜாஹிரா. வயது ஐம்பத்திரண்டு. அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இன்னைக்கு என்ன தேதிம்மா?" மனுவின் அடியில் தேதி வேண்டுமே. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கரும்பலகை வாங்கி மரத்தில் சாய்த்து, தினம் காலையில் தேதி எழுத ஆரம்பித்தாள்.

தேதியோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. பலகையில் இடம் மிச்சமிருந்தது. அதே நாளில் முன்பு என்ன நடந்தது என்று பழைய பேப்பரில் தேடி எழுதினாள். எழுதியதன் கீழே "கருத்து" என்று ஒரு வரி சேர்த்தாள். அந்தக் கருத்தைப் படிக்கவே பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்து வரும் குமாஸ்தாக்கள் உண்டு. எல்லாக் கட்சிக்காரனும் அவளைத் திட்டியிருக்கிறான், எல்லாக் கட்சிக்காரனும் அவளிடம் மனு எழுதி வாங்கியும் போயிருக்கிறான்.

2023 ஜனவரி 30 திங்கட்கிழமையாக வந்தது. திங்கள் என்றால் குறைதீர்க்கும் நாள், கூட்டம் நெரியும். அன்றைய பலகை இப்படி இருந்தது:

*1874: வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருத்து: பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னார். கும்பிட்டவர்கள் ஜாஸ்தி, கேட்டவர்கள் கம்மி.*

*1948: காந்தி கொலை. கருத்து: சுட்டவன் பெயரை ரேடியோ சொல்லும்வரை எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.*

*1988: தமிழ்நாட்டில் ஆட்சி கலைப்பு. கருத்து: சட்டசபையில் மைக்கைப் பிடுங்கி அடித்துக்கொண்டால் டெல்லிக்குக் கொண்டாட்டம்.*

*1991: மறுபடி ஆட்சி கலைப்பு, இந்த முறை மற்ற கட்சியுடையது. கருத்து: கலைக்கச் சொன்னவர்களோடு பிறகு கூட்டணியும் வைத்தாயிற்று. பட்டா கேட்டவன் மட்டும் வரிசையில் நிற்கிறான்.*

பட்டா பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் முந்தைய வருஷப் பலகைகளில் கிடையாது. பட்டா கேட்டவன் வேறு யாருமில்லை, அவள் அப்பா அப்துல். பூட்டு ரிப்பேர் செய்தவர். 1991 ஜனவரி 31 அன்று நாற்பது குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா தருவதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். அப்துலுக்கு டோக்கன் எண் 27. முதல் நாள் ராத்திரி ஆட்சி போயிற்று, காலையில் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். அப்புறம் அவர் சாகிறவரை மனு போட்டார். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒன்பது கடிதம் வந்தது.

அவர் போன பிறகு ஜாஹிரா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதியவளுக்கு மனுவில் நம்பிக்கை இல்லாமல் போனது வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. போன மாதம் அப்பா பட்டா கேட்ட அதே வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஆக்கிரமிப்பு, முப்பது நாளில் காலி செய்யவும். அதனால்தான் அன்று தன் பெயருக்கே ஒரு மனு எழுதி, அப்பாவின் டோக்கனைப் பின்னால் இணைத்து வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்குக் கலையரசன் வந்தான். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர். கழுவுற மீனில் நழுவுற மீன், ஆனால் கெட்டவன் என்று சொல்ல முடியாது.

"ஜாஹிராக்கா, 1991 வரியை அழிச்சிடுங்க. கூட்டணிக்காரங்க உள்ள வந்திருக்காங்க, பாத்தா எனக்குத்தான் அசிங்கம்."

"1988 வரிக்கு அந்தக் கட்சி வந்து இதையேதான் சொல்லிட்டுப் போச்சு தம்பி. உங்க ரெண்டு பேர் பேச்சையும் கேட்டா காந்தி மட்டும்தான் மிச்சம். அவருக்குன்னு வந்து கேக்க ஆளே இல்ல."

அவன் சிரித்தான். அப்புறம் குரலைத் தணித்தான். "நோட்டீஸ் விஷயம் தெரியும்க்கா. அதை அழிங்க, நானே உங்களை ஆபீசர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பது இந்த ஊருக்குத் தெரியாததா? ஜாஹிரா வரிசையைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ரோடு வரை நின்றது. துணியை எடுத்து 1991-ஐத் துடைத்தாள். பதினாறு வருஷத்தில் யார் சொல்லியும் அவள் துடைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வீடு அதைவிடப் பெரிதாக இருந்தது.

கலையரசன் வரிசையைத் தாண்டி அவளைப் போர்டிகோ வரை அழைத்துப்போனான். அங்கே பதினோரு மணிச் சங்கு ஊதியது. தியாகிகள் நாள். குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், மனுக்காரர்கள் எல்லாரும் இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார்கள். கலையரசனும் தலை குனிந்துதான் நின்றான்.

சங்கு மறுபடி ஊதியதும் அவன் மனுவை வாங்கிப் படித்தான். முகம் மாறியது.

"என்னக்கா இது? '1991 ஜனவரி 30 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டதால் பட்டா வழங்கப்படவில்லை'னு முதல் வரியிலேயே போட்டிருக்கீங்க. நடுவுல நாம எத்தனை தடவை ஆட்சிக்கு வந்தோம், அப்ப ஏன் கொடுக்கலைனு கேப்பாங்கல்ல? அந்த வரியை எடுத்துட்டு வேற எழுதிட்டு வாங்க."

ஜாஹிராவுக்குக் கோபம் வந்தது. அவன் மேல் கொஞ்சம், தன் மேல் நிறைய.

"அந்த வரிதான் தம்பி கேஸே. அதை எடுத்தா நான் வெறும் ஆக்கிரமிப்புக்காரி."

"கோவப்படாதீங்க. உள்ள போகணுமில்ல?"

"பலகையில அழிச்சேன், அது சாக்பீஸ். இது எங்கப்பா."

மனுவை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வரிசையின் கடைசிக்குப் போகும்போது நடுவில் நின்ற சின்னசாமி கூப்பிட்டார். அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி, காலையில் அவருக்குக் கிணற்றுத் தகராறு மனு எழுதியது அவள்தான்.

"முன்னாடி வந்து நில்லுங்கம்மா."

"வேணாம்ங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் நான்தான் எழுதினேன்."

மூன்றரை மணி நேரம் நின்றாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். டோக்கனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"1991-லேருந்து இருக்கு. உங்கப்பாவுக்கு அப்புறம் நீங்க ஒரு மனுகூட கொடுக்கலையே. இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

"மத்தவங்களுக்கு எழுதிட்டு இருந்தேங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முத்திரை குத்தி, எண் எழுதிய ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். நோட்டீசை நிறுத்துவதாகவும் சொல்லவில்லை, நிறுத்த முடியாது என்றும் சொல்லவில்லை.

மரத்தடிக்கு வந்து ஜாஹிரா முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு துடைத்த இடத்தில் 1991-ஐ அதே வார்த்தைகளில் திரும்ப எழுதினாள். மேஜையில் நான்கு பேர் காத்திருந்தார்கள், அவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் கலையரசன் டீ குடிக்க வந்தபோது பலகை தேதி மாறியிருந்தது. 1976-ல் ஒரு ஆட்சி கலைந்த கதை மேலே இருந்தது, வழக்கமான குத்தலோடு. அதன் கீழே இருந்ததை அவன் டீ ஆறும்வரை நின்று படித்தான். அழிக்கச் சொல்லவில்லை.

*ஜனவரி 31. 1991: நாற்பது குடும்பத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்தார்கள். கருத்து: எண் 27 இன்னும் அங்கேதான் நிற்கிறது.*