மச்சானின் வலது கால்

எலும்பு முறிவுச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் படிக்க ஒரு மடிக்கணினியும் நல்ல இணைய இணைப்பும் போதும் என்றுதான் அந்தப் பல்கலைக்கழகம் விளம்பரத்தில் சொல்லியிருந்தது. ஒரு மச்சானும் தேவைப்படும் என்று எங்கும் சொல்லவில்லை.

நான் இருபது வருடங்களாக எலும்பு முறிவு வார்டில் ஆண் தாதியாக இருக்கிறேன். வலியில் துடிப்பவர்களை அமைதிப்படுத்துவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. என்னை அமைதிப்படுத்துவதில் இன்றுவரை யாருக்கும் பெயர் கிடைத்ததில்லை. நாற்பத்தாறு வயதில் படிக்கப் போனதற்கு அறிவுத் தாகம் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். புதிதாக வந்த இளம் தாதிகள் கேட்கும் கேள்விகளுக்கு "எல்லாம் அனுபவம்தான்" என்று நான் சொல்லும் பதில் பழசாகிக்கொண்டே வந்தது என்பதுதான் உண்மை.

குளிர் தேசம் ஒன்றில் பல்கலைக்கழகம். சிங்கப்பூரில் நான். நடுவில் ஒரு திரை. பாடங்களைக் கேட்பதில் சிரமமில்லை. காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே இடுப்பெலும்பு முறிவைப் பற்றிக் கேட்டுவிடுவேன். செய்முறைத் தேர்வில்தான் மாட்டினேன். புதிதாக எலும்பு முறிந்தவருக்குப் போடுவதுபோல, முழங்காலுக்குக் கீழே பின்புறமாக மாவுப்பட்டை போட்டு, பிறகு விரல்களில் ரத்த ஓட்டம், உணர்ச்சி, வலி எல்லாவற்றையும் சோதித்துக் காட்ட வேண்டும். அதைக் காணொளியாக எடுத்து அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, வசனம் எழுதி நடிக்கக்கூடாது.

எங்கள் வார்டில் மாவுக்கட்டுப் போடுவதற்கென்று தனி அறையும் அதற்கென்று ஆட்களும் உண்டு. அங்கே கட்டு வந்த பிறகு பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இருந்தாலும் இருபது வருடம் வேடிக்கை பார்த்தவனுக்கு வராதா என்ன என்று துணிந்தேன். முதல் முறை மனைவியின் காலில் போட்டு அனுப்பினேன். தேர்வாளர்களின் குறிப்பு சுருக்கமாக வந்தது: பதினொரு நிமிடங்கள் உங்கள் முதுகைத்தான் பார்த்தோம்.

இரண்டாவது வாய்ப்புதான் கடைசி. அதிலும் தவறினால் படிப்பை விட்டு வெளியேற வேண்டும். அதுவரை படித்ததற்கு ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி வெளியேறுவதுகூடப் பரவாயில்லை. வாய் சும்மா இல்லாமல் நான் அதற்குள் சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேரிடம் பட்டம் படிப்பதைச் சொல்லி வைத்திருந்தேன். பூக்கடை அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "டாக்டராயிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். "அது வேற படிப்புமா" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். இனி என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி இதை விரதம் என்று எண்ணி மகிழ்ந்தாள்.

வீட்டில் பயிற்சிக்குக் கிடைத்தது என் நீளமான போல்ஸ்டர் தலையணைதான். அதற்கு மூன்று முறை மாவுக்கட்டுப் போட்டேன். மூன்றும் அழகாக வந்தன. தலையணை ஆடாது, அசையாது, எதையும் திருப்பிச் சொல்லாது. கட்டோடு அதைக் குப்பையில் போட லிஃப்டுக்கு எடுத்துப் போனபோது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கத் தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் காணொளி போய்ச் சேர வேண்டும். எப்போதும்போலக் கடைசி நாளில் வந்து நின்றேன். மனைவிக்கு முட்டி வலி. "போன தடவை என் காலைக் குடுத்ததே போதும்" என்று அவள் தன் அண்ணனை வரச் சொன்னாள். மச்சான் பேருந்து ஓட்டுநர். பெரிய உடம்பு, சர்க்கரை வியாதி, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத குணம். இரண்டு மணிக்கு தேக்கா சந்தையிலிருந்து மூன்று பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தார்.

"இடது காலைக் குடுங்க மச்சான். வலது உங்களுக்கு பிரேக் போடற கால்."

"இடது முட்டி மடக்குனா கடக்குன்னு சத்தம் போடுது மாப்ள. ஒன் புரொபசருங்க பயந்துடுவாங்க. வலதுதான் நல்ல கால், எடுத்துக்க."

"நாளைக்கு டியூட்டி?"

"மொத பஸ்ஸு. கேன் லா, ஓட்டிடலாம். அதுக்குள்ள கழட்டிடுவல்ல?"

அடுத்துச் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. வசனம் கூடாது என்பது விதி. நான் அதை வசனம் என்று சொல்லவில்லை, முன்னேற்பாடு என்று பெயர் வைத்தேன்.

"வலி இருக்கான்னு கேப்பேன் மச்சான். நோ பெயின்னு சொல்லணும். மரமரப்பு இருக்கான்னு கேப்பேன். நோன்னு சொல்லணும்."

"இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா என்ன சொல்றதுன்னு கேக்கறேன்."

"இருந்தாலும் நோதான். அடிபடாத கால் மச்சான், அதுல எங்கேருந்து வலி வரும்?"

பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப்போல மச்சான் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனைவி கைபேசியை கேமரா முக்காலியில் பொருத்தினாள். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலை மூடினேன். நான்கு மணிக்கு ஆரம்பித்தோம்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முதுகைக் காட்டாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தேன். காலில் பஞ்சு சுற்றினேன். மாவுப்பட்டையை நீரில் நனைத்துக் காலின் பின்புறம் வைத்துத் தடவினேன். அதைத் துணிப்பட்டையால் சுற்றி நிறுத்த வேண்டும். ஆனால் அது நிற்கவில்லை. மூடிய அறையின் புழுக்கத்தில் என் கையும் வியர்த்து, மச்சானின் காலும் வியர்த்து, மாவுப்பட்டை ஈரத் துண்டுபோலக் குதிகாலை நோக்கிச் சரிந்தது. தூக்கிப் பிடித்தேன். மறுபடி சரிந்தது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுகு காட்டியவன் இந்த முறை மாவைக் கீழே போட்டான் என்று எழுதுவார்கள்.

பக்கத்தில் உபரியாக இரண்டு மாவுச்சுருள்கள் இருந்தன. யோசிக்காமல் இரண்டையும் நனைத்துக் காலைச் சுற்றி இழுத்துச் சுற்றிவிட்டேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. கோயில் தூண்போல வழவழவென்று நின்றது.

இந்தப் படிப்பின் முதல் பாடமே இதற்கு எதிரானதுதான். புதிதாக முறிந்த கால் வீங்கும். அதனால்தான் பின்புறம் மட்டும் மாவு வைத்து, முன்புறம் வீங்குவதற்கு இடம் விடுகிறோம். சுற்றி மூடினால் வீக்கம் உள்ளே அமுங்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், சதை செத்துப்போகும். புதிய தாதிகளுக்கு இதை நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கைபேசிக்குப் பின்னால் மனைவியின் புருவம் மேலே போனது. வார்டுக் கதைகளை இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்டவள் அவள். பேசினால் பதிவாகும் என்பதால் புருவத்தாலேயே திட்டினாள். மச்சானின் கால் வீங்கப்போவதில்லை, தப்பித்துவிடலாம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சோதனைக்கு வந்தேன். வலி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்க வாயைத் திறந்தேன்.

"நோ பெயின்," என்றார் மச்சான்.

நான் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை. மரமரப்பைப் பற்றிக் கேட்பதற்குள் "நோ" வந்துவிட்டது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். அரை மனதாக அசைந்தது. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த நிறம் சிவப்பாகத் திரும்ப நேரம் எடுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சானின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும். கட்டுமான இடத்தில் விழுந்து வரும் ஊர்ப் பையன்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். வலி இருக்கிறதா என்றால் "பரவால்லண்ணே" என்பார்கள். வலி என்று சொன்னால் வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பரவாயில்லையை நம்பாமல் இருக்கத்தான் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இங்கே நானே ஒருவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்து, ஒத்திகையும் பார்த்திருக்கிறேன்.

கேமராவைப் பார்த்து நன்றி சொன்னால் தேர்வு முடிந்தது. பத்து விநாடி வேலை. வீட்டில் வேறு மாவு இல்லை, மருந்துச் சாமான் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. என் நாக்கு நன்றி சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கை மட்டும் அந்தக் கட்டைவிரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அது சில்லிட்டிருந்தது.

"மச்சான், நான் சொல்லிக் குடுத்ததை விடுங்க. கால் எப்படி இருக்கு?"

"நோ பெயின்."

"மச்சான்."

கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துத் தன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாதத்து மேல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாப்ள. நீ சுத்துனப்பவே ஆரம்பிச்சிருச்சு. நீ முடி, நான் பொறுத்துக்கறேன் லா."

மருத்துவமனை என்றால் மாவு வெட்டும் ரம்பம் இருக்கும். என்னிடம் இருந்தது கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல். அது மாவில் பட்டு வழுக்கியது. "வெந்நி," என்று கத்தினேன். மனைவி முக்காலியை விட்டுவிட்டு துணி ஊறவைக்கும் வாளியோடு ஓடி வந்தாள். காலை வாளிக்குள் இறக்கி, எங்கே சுற்றி முடித்தேன் என்று தடவித் தடவித் தேடினேன். வழவழப்பாகத் தடவிவிட்டதில் முனையே தெரியவில்லை. என் கைத்திறனை அன்றைக்குச் சபித்ததுபோல எந்தத் தேர்வாளரும் சபித்திருக்க மாட்டார்.

"நாளைக்கு எங்கண்ணன் பஸ்ஸ நீங்கதான் ஓட்டப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"அவன ஏன் திட்டற? எனக்கு இப்பக் கொஞ்சம் சொகமாத்தான் இருக்கு, வெந்நி," என்றார் மச்சான்.

"நீ பேசாத. ஒனக்கு வாயே இல்லியா? வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது?"

முனை அகப்பட்டது. உரித்தேன். மாவு போனது, துணி போனது, பஞ்சையும் தோல்வரை வெட்டி விலக்கினேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக எலும்பு முண்டுபோல நிற்கும் இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம் பதிந்திருந்தது. பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் போகிறது. அங்கே கூடுதலாகப் பஞ்சு வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. போதாக்குறைக்கு அதன் மேலேயே மாவை இறுக்கியிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "எறும்பு எங்க வரைக்கும்?" என்று கேட்டேன். கணுக்கால் வரை, பிறகு விரல் இடுக்கில், பிறகு கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மட்டும். பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன், தூக்கினார். பிறகு உள்ளங்கையைக் காட்டி, பிரேக் மாதிரி மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். என் மணிக்கட்டு பின்னால் வளைந்தது. அத்தனை நிம்மதியாக எனக்கு வலித்ததே இல்லை.

அப்போதுதான் கைபேசி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். மணி ஐந்தை நெருங்கியிருந்தது.

மூவரும் சேர்ந்து பார்த்தோம். பத்தொன்பதாவது நிமிடம் வரை பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது.

"இதோட வெட்டி அனுப்பிடுங்க," என்றாள் மனைவி. "வாளி வர்றதுக்கு முன்னாடி."

"ஆமா மாப்ள. வெட்டிடு. நான் நல்லாத்தானே நடிச்சிருக்கேன்?"

என் கட்டைவிரல் வெட்டும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மச்சான் கேட்டது என்னைக் குத்துவதற்காக அல்ல, பாராட்டுக்காக. அதனால்தான் இன்னும் குத்தியது. நடிப்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, நாற்பத்தெட்டு நிமிடத்தையும் அப்படியே ஏற்றினேன். வாளி, மனைவியின் வசவு, எறும்பு, எல்லாம். இது வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்றும்போது இரண்டு முறை நிறுத்தப் பார்த்தேன், நிறுத்தும் வழி தெரியவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. அதற்குப் பிறகு பிரியாணியைத் திறந்தோம். மச்சான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் திரை வழியாக வாய்மொழித் தேர்வு. நரைத்த தலைமுடியோடு ஓர் அம்மையார். நான் சுற்றி மூடியதைப் பற்றி முதலில் கேட்பார் என்று இரவல் வாங்கிய டையின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு. நோயாளி வலி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நீங்கள் ஏன் நம்பவில்லை?

"நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார்," என்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னார்?"

இங்கே ஒரு நல்ல பொய்க்கு இடம் இருந்தது. "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்து நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள இருபது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருபது நாளில் விரதம் மறுபடி தொடர்ந்தது.

மின்னஞ்சல் வந்தபோது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கட்டுப் போட்ட விதம் தேர்ச்சிக்குக் கீழே. ஆபத்தைக் கண்டுபிடித்து விரைவாக நீக்கிய விதம் மிக நன்று. ஒத்திகை பார்த்ததற்கு எச்சரிக்கை. எல்லாம் கூட்டிக் கழித்துத் தேர்ச்சி, ஒரு நிபந்தனையோடு: ஒரு மாதத்துக்குள், மருத்துவமனையில் கட்டுப் போடுவதற்குப் பொறுப்பானவர் முன்னால் சரியாகப் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தேர்ச்சி செல்லாது.

மச்சானைக் கூப்பிட்டேன். ஓய்வு இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸா பெயிலா மாப்ள, ஒரே வார்த்தைல சொல்லு. பஸ் எடுக்கணும்."

"பாஸ். ஆனா என்னன்னா மச்சான்..."

"ஆனாவெல்லாம் வேணாம். பாஸ்னு வீட்ல சொல்லிடறேன்," என்று வைத்துவிட்டார்.

அந்த 'ஆனா' என்னோடு நின்றுவிட்டது. போகிறவர்கள் தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். ஓரமாக ஒதுங்கி, மாவுக்கட்டு அறையின் எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண்ணிடம், நாளைக்கு முதல் நோயாளி வருவதற்கு முன்னால் வந்து கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எத மாமா? நீங்கதான் இருவது வருசமா இங்க இருக்கீங்களே," என்றாள் அந்தப் பெண்.

"மொதல்லேருந்து," என்றேன்.